நானூற்று முப்பத்தொரு பிரச்சினைகள்

அந்த கிளினிக்கில் பதினாறு வருஷத்தில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. கருக்கலைப்பு என்று காதில் விழுந்ததும் முகத்தைச் சுளிக்கிறவர்கள், அங்கே தினமும் ரத்த ஆறு ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் பல் பிடுங்குகிற இடத்தில் கேட்கிற சத்தம்கூட அங்கே கேட்காது. மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடி. காத்திருக்க ஓர் அறை, பேச ஓர் அறை, ஸ்கேன் எடுக்க ஓர் அறை, படுத்து எழுந்திருக்க நான்கு கட்டில் போட்ட ஓர் அறை, அவ்வளவுதான். காலையில் வருகிறவள் மதியச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டில் இருப்பாள். பத்து வாரத்துக்கு உட்பட்டதை மட்டும்தான் தொடுவார்கள். அதைத் தாண்டியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

டாக்டரம்மாவுக்குக் கைராசி என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். டாக்டரம்மாவைக் கேட்டால், கைராசியாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் பதிவேட்டம்மாவின் புண்ணியம் என்பார். பதிவேட்டம்மா என்பது பெரிய நர்ஸுக்கு அங்கே இருந்தவர்கள் வைத்த பெயர். ஐம்பத்து நான்கு வயது, குட்டையான உருவம், எதிராளி பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுகிற கண். வந்தவள் ஒவ்வொருத்திக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவாள். அந்த வரியின் கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘பிரச்சினை’ என்று அச்சடித்திருக்கும். மற்ற கிளினிக்குகளில் யாரையாவது ஆம்புலன்ஸில் ஏற்றினால்தான் அந்தக் கட்டத்தில் பேனா படும். இவளோ ஒரு பொட்டு விடாமல் எழுதுவாள். இரண்டு நாள் வயிற்று வலி என்று ஒருத்தி போன் செய்தால் எழுதுவாள். இரண்டாவது மாத்திரையை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டேன் என்றால் எழுதுவாள். தலைக்குக் குளிக்கலாமா என்று கேட்டதைக்கூட எழுதியிருக்கிறாள். வீட்டில் யார் தும்மினாலும் இவள் தேதி போட்டு எழுதிவிடுவாள் என்று அவள் கணவர் கேலி செய்வார்.

இந்தப் பைத்தியம் அவளுக்குச் சும்மா பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுக்காத காலம். எங்கெங்கோ பின்கட்டு அறைகளில் கையைக் காலைக் கட்டாத குறையாகக் கலைத்துக்கொண்டு, காய்ச்சலோடு வந்து விழுவார்கள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் எழுதமாட்டார்கள். காய்ச்சல் என்று மட்டும் சீட்டில் எழுதி, செத்த பிறகும் காய்ச்சல் என்றே முடித்துவிடுவார்கள். ஒரே மாதத்தில் ஏழு பேர் காய்ச்சலில் போனார்கள். எழுதியிருந்தால் மூன்றாவது ஆளோடு அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம் என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள். அந்தக் கோபம் அவளுக்குள் ஆறவே இல்லை. அது ஆறாததால்தான் கிளினிக்கில் பதினோராயிரத்துச் சொச்சம் பெண்களும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். வயிற்று வலி என்று கூப்பிட்டவளை இவள் மறுநாளும் அதற்கு மறுநாளும் தானே கூப்பிட்டு விசாரிப்பாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தது பதினான்கே பேர். பதினான்கு பேரும் நடந்து திரும்பினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலர் வந்தாள்.

அவள் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எதைத் தைக்கிறாளோ அதுதான் பெயர். இவள் நாள் முழுக்கக் காலர் வைத்துத் தைப்பவள். அதே வரிசையில் பட்டன் துளைக்கு ஓரம் அடிக்கிற இவளுடைய அக்காவுக்குக் காஜா என்று பெயர். காஜா சில வருஷங்களுக்கு முன் இதே மாடிப்படி ஏறி இறங்கியவள். போறதுன்னா அங்க மட்டும் போ, அங்க ஒண்ணும் ஆகாதுடி என்று தங்கையின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தாள்.

காலருக்கு இருபத்தாறு வயது. ஏழு வாரம் நான்கு நாள் என்று ஸ்கேன் சொன்னது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். சின்னதுக்கு ஏழு மாதம்தான், இன்னும் சரியாக உட்காரக்கூடத் தெரியாது. உடனே இன்னொன்று தங்கினால் தையல் தாங்காது, உயிருக்கே ஆபத்து என்று பிரசவம் பார்த்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைப் புருஷன்காரனிடம் சொன்னால், டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவான். அவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவான். மாமியாருக்கு மூக்கில் வேர்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலர் சொன்னாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் மடியில் கிடந்த கை சும்மா இருக்கவில்லை, முந்தானை ஓரத்தை மடித்து மடித்துத் தைப்பது போல நகர்ந்துகொண்டே இருந்தது.

பதிவேட்டம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் மாத்திரை என்றாள். அது அவள் வைத்த வழக்கம், டாக்டரம்மாகூட மீறமாட்டார். அரை நாள் லீவுக்கே சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது, இன்றைக்கே முடித்துவிடலாமே என்று காலர் கேட்டுப் பார்த்தாள். ரெண்டே நாள்தானே, வியாழக்கிழமை காலையில் ஒன்பது மணிக்கு வந்துவிடு என்று பதிவேட்டம்மா தோளைத் தட்டி அனுப்பினாள். அந்தத் தட்டலை நினைத்து நினைத்து அவள் பிறகு வெந்துபோனாள்.

புதன்கிழமை ஆய்வு அதிகாரி வந்தார். புதுச் சட்டத்தின்படி எல்லாப் புறநோயாளி கிளினிக்குகளையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், கொடுத்த தண்ணீரை நன்றி சொல்லிக் குடித்தார். பதிவேட்டைக் கேட்டார். பதிவேட்டம்மா பதினாறு வருஷப் பதிவேடுகளையும் அவர் முன்னால் அடுக்கி வைத்தாள். அதில் அவளுக்குப் பெருமை. இந்த நாட்டிலேயே இப்படி ஒரு பதிவேடு இருக்காது என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள், பாவம்.

அவர் கடைசிக் கட்டத்தை மட்டும் எண்ணினார். கூட வந்த இருவரும் எண்ணினார்கள். மூவர் கணக்கும் நூல் பிடித்தாற்போல் ஒத்துப்போயிற்று. நானூற்று முப்பத்தொன்று. நூற்றுக்கு இரண்டு பிரச்சினைக்கு மேல் போனால் விசாரணை முடியும்வரை மூடி வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. இங்கே கிட்டத்தட்ட நான்கு.

டாக்டரம்மா ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். இது தலைவலி, இது மாத்திரை அட்டையைக் குழந்தை ஒளித்து வைத்துவிட்டது, இது வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் வாந்தி. அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தலைப்பு பிரச்சினை என்றுதானே இருக்கிறது என்றார். முந்தின வாரம் பார்த்த இன்னொரு கிளினிக்கில் பத்து வருஷத்துக்கு மொத்தமே ஒன்பதுதான் என்று சொன்னார்.

“அவங்க எழுதலைங்க,” என்றாள் பதிவேட்டம்மா.

“எழுதாததை நான் எப்படிம்மா எண்ணுறது?” என்றார் அவர்.

மாத்திரை வைத்திருந்த இரும்பு அலமாரிக்குச் சீல், ஸ்கேன் மெஷினுக்குச் சீல், கடைசியாக வாசல் கதவுக்குச் சீல். பதிவேடுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மேல்முறையீட்டுக்கு மறு வாரத்துக்கு அடுத்த திங்கள்கிழமை நாள் குறித்துக் கொடுத்தார்கள். டாக்டரம்மா தைரியமாகத்தான் இருந்தார். பதினாறு வருஷம், ஒரு சாவு இல்லை, இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், திறந்துவிடுவார்கள் என்றார். பதிவேட்டம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் அவள் வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பிப் போய் மாடிப்படியின் மேல்படியில் நின்றுகொண்டாள். வருகிறவர்கள் சீலைப் பார்த்துப் பயந்து ஓடிவிடக்கூடாதே என்று. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காலர் ஏறி வந்தாள். கதவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பதிவேட்டம்மா அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பத்தொன்பது நாள் கழித்துத்தான் இடம், இரண்டு நாள் படுக்க வேண்டும், புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பத்தொன்பது நாள் கழித்தென்றால் பத்து வாரம் தாண்டிவிடும். அந்த ஒன்பது பிரச்சினை கிளினிக்கையும் விசாரித்தாள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும், இரண்டு தடவை போக வேண்டும். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு மாமியாரிடம் என்ன சொல்லிக்கொண்டு போவது?

“மாத்திரை உள்ளதானே இருக்கு, அக்கா?” என்று காலர் மெதுவாகக் கேட்டாள். “ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சா?”

வந்திருந்தது. கொஞ்சம் குறைவு, ஆனால் கொடுக்கலாம். மாத்திரை பத்தடி தூரத்தில் இருந்தது. அலமாரிச் சாவி இவள் கைப்பையிலேயே இருந்தது. குறுக்கே இருந்தது இரண்டு மெழுகு முத்திரையும் ஒரு காகிதமும்தான். சீலை உடைத்தால் மேல்முறையீடு கிடையாது, டாக்டரம்மா ஜெயிலுக்குப் போவார், திங்கள்கிழமைக்குப் பிறகு வருகிற அத்தனை பெண்களுக்கும் கதவு மூடியே இருக்கும். இவளோ முப்பது வருஷமாக ஒரு விதியை மீறாதவள். அப்போதும் ஒன்பதரை வாரம்தான், பத்துக்குள் பயமில்லை என்று மனசுக்குள் நாள் எண்ணிப் பார்த்தாள்.

“பதினோரு நாள் பொறுத்துக்கம்மா. திங்கக்கிழமை திறந்துடுவோம். மறுநாள் முதல் ஆள் நீதான். அதுவரைக்கும் யார்கிட்டயும் போயிடாதே.”

காலர் சரி அக்கா என்றாள். தன் நம்பரைப் பதிவேட்டம்மா அவள் போனில் தானே ஏற்றிக் கொடுத்தாள். நாலைந்து நாள் தினமும் கூப்பிட்டு விசாரித்தாள். நன்றாக இருக்கிறேன் என்றே காலர் சொல்லிக்கொண்டிருந்தாள். மறு வாரம் புதன்கிழமை போன் எடுக்கவில்லை. வியாழக்கிழமையும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து.

அவசரப் பிரிவில் ஒரு திரைக்குப் பின்னால் காலர் கிடந்தாள். மேலெல்லாம் கொதித்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்பு பார்த்த அதே காய்ச்சல் என்று பதிவேட்டம்மாவுக்குக் கிட்டே போவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. காலர் இவளைக் கண்டதும் குழந்தை மாதிரி கையை நீட்டினாள். மாமியார் புதன்கிழமை காலையில் வாந்தியைப் பார்த்துவிட்டாளாம், புருஷனுக்குப் போன் செய்யப் போகிறேன் என்றாளாம். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே காலர் தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, முடி வெட்டுகிற கடைக்குப் பின்னால் கலைத்துவிடுகிற ஒரு பெண்பிள்ளையிடம் போய்விட்டாள். அரை மணியில் முடிந்துவிட்டது, திரும்பி வந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து தைத்தாள்.

“உங்க இடத்துலதான் பண்ணிக்கிட்டேன்னு சொல்லிட்டேன், அக்கா. வேற எங்க போனேன்னு சொன்னாலும் போலீஸ் வரும்னாங்க. அதுக்கப்புறம்தான் தொடுவாங்களாம். எங்கக்காவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்தவ நான்.”

டூட்டி டாக்டர் இளம்வயதுக்காரர், இரண்டு நாள் தூங்காத முகம். பதிவேட்டம்மாவைச் சுவரோரம் தனியே அழைத்துப்போனார். கர்ப்பப்பையில் ஓட்டை, உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்றார். பதிவு பெற்ற கிளினிக்கிலிருந்து வந்த கேஸ் என்றால் நேரே ஆபரேஷன் தியேட்டர். வெளியில் எங்காவது செய்துகொண்டது என்றால் போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும், அதற்கு மூன்று மணி நேரமும் ஆகலாம், மாலையும் ஆகலாம். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

“உங்க கிளினிக்குக்கு சீல் வெச்சு ஒம்போது நாள் ஆச்சுன்னு எனக்குத் தெரியும்,” என்றார் தணிந்த குரலில். “அவங்க சொல்றது நிஜம்னா நீங்கதான் எழுதிக் கொடுக்கணும். நிஜம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க.”

பதிவேட்டம்மா படிவத்தை வாங்கிக்கொண்டாள். அந்தப் படிவம் எங்கே போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இங்கிருந்து ஆய்வு அலுவலகத்துக்கு, அங்கிருந்து திங்கள்கிழமை மேஜைக்கு. தலைவலியையும் பஸ் வாந்தியையும் விளக்கிச் சொல்லி ஜெயிக்கலாம். இதை என்ன சொல்லி ஜெயிப்பது? டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். கேட்டால் அவர் கையெழுத்துப் போடு என்றுதான் சொல்வார், சொன்னால் அவரும் பொய்யில் பங்கு. போனைப் பைக்குள் போட்டாள். திரைக்கு அந்தப்பக்கம் காலர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது.

செய்த இடம் என்ற வரியில் கிளினிக்கின் பெயரை எழுதினாள். தேதி, போன வாரம் செவ்வாய்க்கிழமை. கொடுத்தது மாத்திரை. கொடுத்தவர் என்ற இடத்தில் டாக்டரம்மாவின் பெயரை எழுதாமல் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் எழுதிய முதல் பொய், கை கோணாமல் குண்டு குண்டாக விழுந்தது. மாத்திரையால் கர்ப்பப்பையில் ஓட்டை விழாது என்று அந்த இளைஞருக்குத் தெரியும். இருந்தும் அவர் படிவத்தை வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்தார். ஐந்து நிமிஷத்தில் காலரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே ஒப்பித்தாள். டாக்டரம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

“உடனே தியேட்டருக்குக் கொண்டு போனாங்களா?”

“போனாங்கம்மா.”

“அப்ப சரி,” என்றார் டாக்டரம்மா. திங்கள்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேச அதில் ஒன்றும் மிச்சமில்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆனால் விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. புதன், வியாழன் என்று இரண்டு நாள் அவள் தைத்துக்கொண்டிருந்தாளே, அந்த இரண்டு நாளை எந்த தியேட்டராலும் திருப்பி எடுக்க முடியவில்லை. சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்குக் காலர் செத்துப்போனாள்.

பதிவேட்டம்மா முதல் நாளிலிருந்து அந்தத் தாழ்வார பெஞ்சிலேயே இருந்தாள். கூடவே காஜாவும் இருந்தாள், தங்கையின் சின்னப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு. மாமியாரும் லாரிக்காரனும் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். காஜா அழவில்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு வந்து இவள் எதிரில் நின்றாள்.

“நான்தான் அவளை உங்ககிட்ட போகச் சொன்னேன். அங்க ஒண்ணும் ஆகாதுடின்னு சொன்னவ நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகலையே, அதான் சொன்னேன்.”

பதிவேட்டம்மாவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. உன் தங்கை எங்களிடம் வரவில்லை, நாங்கள் அவளைத் தொடவே இல்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் செத்தவள் மேல் கேஸ் வரும், சத்தியத்தை மீறினாள் என்று காஜாவும் காலமெல்லாம் குமைவாள், போலீஸ் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும். காலர் கேட்டுக்கொண்டதும் அந்த ஒன்றுதான். சொல்லாமல் விழுங்கினாள்.

“எங்க லைன்ல கைப்பட்டி தைக்கிறவளும் பட்டன் வைக்கிறவளும் உங்க இடம் எப்பத் திறக்கும்னு காத்துட்டிருக்காங்க,” என்றாள் காஜா. “திறந்தாலும் போகாதீங்கடின்னு இன்னிக்கே சொல்லிடப் போறேன்.”

“அப்ப அவங்க எங்கம்மா போவாங்க?”

“எங்கயாவது போகட்டும். உங்ககிட்ட வேண்டாம்.”

பிள்ளை சிணுங்கியது. காஜா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனை எடுத்துத் தாழ்வாரத்தின் கோடிக்கு நடந்தாள். பட்டன் வைக்கிறவள்தான் முதலில் எடுத்தாள் போலிருக்கிறது, காஜா பேச ஆரம்பித்துவிட்டாள்.